25 விழுக்காடு யார் கண்ணை உறுத்துகிறது?

2025 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க ஒன்றிய அரசின் கல்வித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சிறுபான்மை மாணவர்கள் கணிசமாகப் படிக்கும் கல்லூரிகளுக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கிவந்த ஏழு மானியத் திட்டங்களின் பணத்தை நிறுத்துவதாக அது சொன்னது. தொகை ஏறத்தாழ 35 கோடி டாலர். அவற்றில் மிகப் பெரியது, ஹிஸ்பானிக் மாணவர்கள் படிக்கும் கல்லூரிகளை மேம்படுத்தும் மானியம். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றை வேராகக் கொண்ட மக்களைத்தான் அங்கே ஹிஸ்பானிக் என்றும் லத்தீனோ என்றும் அழைக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு.

நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஓர் எண். இந்த மானியத்தைப் பெற, ஒரு கல்லூரியின் இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக் மாணவர்களாக இருக்க வேண்டும். இப்படி இனத்தை எண்ணிப் பணம் கொடுப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்பது அரசின் வாதம்.

எங்கோ அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நிதி நின்றால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873இல் தன்னுடைய ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கும் மனுவின் படியைக் கேட்டார். அங்கே நடப்பதை நம் முன்னோடிகள் வேடிக்கையாகப் பார்க்கவில்லை, பாடமாகப் பார்த்தார்கள். கல்வி நிதி ஒதுக்கீடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, இந்த மானியத்தின் கதை நம் ஊர்க் கதையாகவே தெரிகிறது. எண்ணிப் பார்த்துக் கொடு என்று கேட்பவர்களுக்கும், எண்ணவே கூடாது என்று சொல்பவர்களுக்கும் இடையிலான சண்டை இது.

மானியம் யாருக்குப் போகிறது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1965ஆம் ஆண்டின் அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தில் இத்தகைய கல்லூரிகள் 1992 திருத்தத்தின் வழியாக இடம்பெற்றன. 1998 திருத்தத்தில் அவற்றுக்கென ஐந்தாம் தலைப்பு உருவானது. அரசுக் கல்லூரிகளும் லாப நோக்கமற்ற தனியார் கல்லூரிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

நிபந்தனைகள் மூன்று. ஒன்று, மேலே சொன்ன 25 விழுக்காடு. இரண்டு, மாணவர்களில் கணிசமானோர் அரசு உதவித்தொகை பெறும் அளவுக்கு வறிய குடும்பத்தினராக இருக்க வேண்டும். மூன்று, ஒரு மாணவருக்கு அந்தக் கல்லூரி செலவிடும் தொகை, அதே வகைக் கல்லூரிகளின் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது ஏழை மாணவர்கள் படிக்க வேண்டும், கல்லூரியும் ஏழையாக இருக்க வேண்டும். மானியத்தை எதிர்ப்பவர்கள் முதல் நிபந்தனையை மட்டும் உரக்கச் சொல்வார்கள். மற்ற இரண்டும் அவர்கள் வாயில் வருவதில்லை.

தகுதி இருந்தாலே பணம் வந்துவிடாது. விண்ணப்பித்து, மற்றக் கல்லூரிகளோடு போட்டியிட்டு வெல்ல வேண்டும். வென்றால் ஐந்து ஆண்டுகள் வரை பணம் வரும். அந்தப் பணமும் மாணவர் கைக்குப் போவதில்லை, கல்லூரிக்குப் போகிறது. ஆய்வகக் கருவிகள், நூலகம், ஆசிரியர் பயிற்சி, பின்தங்கும் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி, வழிகாட்டும் ஊழியர்கள், இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தவர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவதற்கான உதவி ஆகியவைதான் செலவினங்கள். அந்த ஆய்வகத்தில் வெள்ளை மாணவரும் நிற்கிறார், கறுப்பின மாணவரும் நிற்கிறார். வாசலில் யாரும் இனச் சான்றிதழ் கேட்பதில்லை.

உதவித்தொகை இருக்கும்போது கல்லூரிக்குத் தனியாக எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் என் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நான் படித்த கல்லூரியில் கட்டணம் ஏறக்குறைய இல்லை, உதவித்தொகையும் தாமதமாகவேனும் வந்தது. ஆனால் அறுபது பேர் படித்த என் வகுப்புக்கு நூலகத்தில் ஒரே பாடநூலின் மூன்று படிகள்தான் இருந்தன. முதுகலைக்கு எந்த நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அப்பாவிடம் கேட்க முடியாது, அம்மாவிடம் கேட்க முடியாது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் அந்தச் சின்னச் சின்னத் தகவல்களை எங்களுக்குக் கல்லூரிதான் தந்திருக்க வேண்டும். மாணவரின் ஏழ்மையைப் போக்க உதவித்தொகை, கல்லூரியின் ஏழ்மையைப் போக்க நிறுவன மானியம். ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாகாது.

அமெரிக்காவில் 25 விழுக்காட்டு வரம்பை எட்டிய கல்லூரிகள் இன்று 600க்கும் மேல். எண்ணிக்கையில் அவை அந்த நாட்டுக் கல்லூரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஹிஸ்பானிக் இளநிலை மாணவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இவற்றில்தான் படிக்கிறார்கள். இந்தக் கல்லூரிகளைத் தொட்டால் அந்தச் சமூகத்தின் உயர்கல்வியையே தொட்டதாகும்.

அந்த ஏழ்மையை உண்டாக்கியது யார்?

இந்தக் கல்லூரிகள் ஏன் ஏழையாக இருக்கின்றன? இதற்கு விடை அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் டெக்சஸ் மாநிலத்தில் நடந்தவை.

முதலாவது, 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹெர்னாண்டஸ் வழக்கு. ஜாக்சன் கவுன்ட்டியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளி அவர். அந்தக் கவுன்ட்டியின் மக்களில் 14 விழுக்காட்டினர் ஸ்பானியப் பெயர் கொண்டவர்கள். ஆனால் 25 ஆண்டுகளாக அப்படிப்பட்ட பெயருள்ள ஒருவர்கூட அங்கே நடுவர் குழுவில் அமர்ந்ததில்லை. அதைக் கேட்டபோது மாநில அரசு என்ன சொன்னது தெரியுமா? சட்டத்தின் கண்ணில் இருப்பது வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டே பிரிவுகள்தான், மெக்சிகோ மக்கள் வெள்ளையர் கணக்கில் வருகிறார்கள், எனவே பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வாதாடியது. வழக்கு விசாரிக்கப்பட்ட அந்த நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எந்தப் பலகையும் இல்லை. இன்னொன்றில் கறுப்பர்களுக்கு என்று ஆங்கிலத்திலும், ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. கழிப்பறைக்குப் போகும்போது தனி, உரிமை கேட்கும்போது பொது. இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் வாதத்தை ஏற்கவில்லை.

இரண்டாவது, 1973இல் தீர்ப்பான சான் அன்டோனியோ வழக்கு. அமெரிக்காவில் பள்ளிகளுக்குப் பெரும் பணம் அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பள்ளி வட்டத்தில் படித்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். அதே நகரில் ஆலமோ ஹைட்ஸ் வட்டம் வெள்ளையர் வாழும் வசதியான பகுதி. 1967–68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டாலர் சொத்து மதிப்புக்கும் 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். கூடுதல் வரி கட்டிய எட்ஜ்வுட்டுக்கு அந்த வரியிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். குறைவாகக் கட்டிய ஆலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநில அரசும் ஒன்றிய அரசும் கொடுத்ததைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், ஆலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர்.

தெமெத்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் தொடுத்த அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. கல்வி, அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது. வழக்கறிஞராகப் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து வென்ற தர்குட் மார்ஷல், அப்போது நீதிபதியாக அமர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

மூன்றாவது வழக்கு உயர்கல்வியைப் பற்றியது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய கவுன்ட்டிகளில் பல்கலைக்கழகங்களை மாநில அரசு புறக்கணிக்கிறது என்று 1987இல் மெக்சிகோ வம்சாவளி அமைப்புகள் நீதிமன்றம் போயின. டெக்சஸ் மக்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் அந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கு மாநிலம் செலவிட்ட பணத்தில் அங்கே போனது ஏறத்தாழ 10 விழுக்காடு. மாநிலம் முழுவதும் 590 அளவில் இருந்த முனைவர் பட்டப் படிப்புகளில் எல்லைப் பகுதிக்குக் கிடைத்தவை மூன்று. ஐந்நூற்றுத் தொண்ணூறில் மூன்று! முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவன் என்ற முறையில் அந்த எண்ணை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. எல்லைப் பகுதியில் ஒருவருக்கு ஆராய்ச்சி செய்யும் ஆசை வந்தால், முதலில் ஊரைவிட்டுப் போக வேண்டும். போக முடியாதவர்களின் ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

கீழமை நீதிமன்றத்தில் வென்ற அந்த வழக்கு 1993இல் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் வழக்கும் மக்கள் அழுத்தமும் சேர்ந்து, எல்லைப் பகுதிப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறப்பு நிதி ஒதுக்க மாநிலச் சட்டமன்றத்தை இறங்கிவர வைத்தன. தீர்ப்பு கிடைக்காவிட்டாலும் பணம் கிடைத்தது.

இந்த மண்ணில்தான் ஹிஸ்பானிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 1986இல் பிறந்தது. அதன் ஊரும் சான் அன்டோனியோதான். ஐந்தாம் தலைப்பு யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல. பள்ளிப் பணத்தைக் கேட்டுத் தோற்று, பல்கலைக்கழகப் பணத்தைக் கேட்டுப் போராடி, கடைசியில் ஒன்றிய அரசிடம் பெற்ற பங்கு.

உயர்கல்விச் சட்டம் கையெழுத்தான இடமும் டெக்சஸ்தான். 1965 நவம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், சான் மார்க்கஸ் ஊரில் தான் படித்த கல்லூரிக்கே வந்து கையெழுத்திட்டார். மாணவராக இருந்தபோது பணத்துக்காக ஓராண்டு கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியில் பாடம் நடத்தியதை அந்த மேடையில் நினைவுகூர்ந்தார். அந்தப் பிள்ளைகள் வறுமையால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் போனதையும் சொன்னார். அவர் கையெழுத்திட்ட கல்லூரி இன்று டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். அதுவும் 25 விழுக்காட்டு வரம்பை எட்டிய ஒன்று.

‘வறுமையை மட்டும் பார்’

2025 ஜூனில் டென்னசி மாநில அரசும், ‘நியாயமான சேர்க்கைக்கான மாணவர்கள்’ என்ற அமைப்பும் சேர்ந்து இந்த மானியத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. பெயரில் மாணவர்கள் இருந்தாலும் அதை நடத்துபவர் எட்வர்ட் பிளம். இன அடிப்படையிலான சலுகைகளை எதிர்த்துப் பல்லாண்டுகளாக வழக்கு நடத்திவருபவர். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்ததும் அதே அமைப்பு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின்மீது போட்ட வழக்கில்தான்.

டென்னசியின் வாதத்தை நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம். எங்கள் மாநிலக் கல்லூரிகளிலும் ஏழைகள் படிக்கிறார்கள், ஹிஸ்பானிக் மாணவர்களும் படிக்கிறார்கள், ஆனால் 25 விழுக்காட்டை எட்டாததால் எங்களால் போட்டியிடவே முடியவில்லை என்கிறது அது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும்.

ஆனால் அதே உயர்கல்விச் சட்டத்தின் மூன்றாம் தலைப்பில், எந்த இன எண்ணிக்கையும் கேட்காத ஒரு மானியம் ஏற்கெனவே இருக்கிறது. வறிய மாணவர்கள் படிக்கும், குறைவாகச் செலவிடும் எந்தக் கல்லூரியும் அதற்கு விண்ணப்பிக்கலாம். டென்னசிக் கல்லூரிகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. ஐந்தாம் தலைப்பில் மானியம் வாங்கும் கல்லூரி அதே காலத்தில் அந்த மூன்றாம் தலைப்பு மானியத்தையும் வாங்க முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. வறுமைக்கு ஒரு கதவு, வறுமையோடு வரலாற்றுப் புறக்கணிப்பும் சேர்ந்ததற்கு இன்னொரு கதவு என்பதே ஏற்பாடு. இரண்டாவது கதவை உடைக்க வந்தவர்கள், முதல் கதவே இல்லாததுபோலப் பேசுகிறார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர், நாடாளுமன்றம் இயற்றிய இந்தச் சட்டத்துக்காக நீதிமன்றத்தில் வாதாடப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். வழக்கில் தீர்ப்பு வரும்வரைகூட அரசு பொறுக்கவில்லை, செப்டம்பரில் பணத்தை நிறுத்திவிட்டது. சட்டமே கட்டாயமாக்கியிருந்த 13 கோடி டாலர் அளவிலான தொகையை மட்டும் நிறுத்த முடியவில்லை. 25 விழுக்காட்டு வரம்பைத் தளர்த்தலாம், நிதியைக் கூட்டலாம், டென்னசியின் ஏழை மாணவரையும் உள்ளே அழைக்கலாம் என்ற பேச்சே எழவில்லை.

இனத்தை விட்டு வறுமையைப் பார்க்கச் சொல்கிறார்களே, வறுமையையாவது பார்த்தார்களா? 2025 மே மாதம் இதே அரசு முன்வைத்த நிதிநிலைத் திட்டம் இன்னும் சில திட்டங்களை ஒழிக்கக் கேட்டது. ‘ட்ரியோ’ என்ற திட்டங்களும் ‘கியர் அப்’ என்ற திட்டமும் அவற்றில் அடக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 158 கோடி டாலர். இவை இனத்தைக் கேட்பவை அல்ல. வறிய குடும்பத்துப் பிள்ளைகளையும் முதல் தலைமுறை மாணவர்களையும் கல்லூரிக்குக் கொண்டுவரவே இருப்பவை. இனத்தைப் பார்த்தால் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது, வறுமையைப் பார்த்தால் வீண்செலவு! அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு எந்தக் கணக்கில்தான் கொடுப்பீர்கள்?

இந்தப் பாட்டு நமக்குப் பழையது. சாதியைப் பார்க்காதே, பொருளாதாரத்தைப் பார் என்று இடஒதுக்கீட்டு எதிர்ப்பாளர்கள் எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்! 2019இல் 103ஆம் திருத்தத்தின் மூலம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு வந்தது. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. அந்த வறியவர் பட்டியலில் தலித் ஏழை இல்லை, பழங்குடி ஏழை இல்லை, பிற்படுத்தப்பட்ட ஏழையும் இல்லை. வறுமையை மட்டும் பார் என்றவர்கள், தாங்கள் கொடுக்கும்போது சாதியைப் பார்த்தே கொடுத்தார்கள்.

ஒருவர் தட்டிலிருந்து எடுத்து

பணத்தை நிறுத்திய சில நாட்களில் இன்னோர் அறிவிப்பு வந்தது. கறுப்பின மக்களுக்காக வரலாற்றில் உருவான கல்லூரிகளுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் ஒருமுறை நிதியாகக் கூடுதலாக 49.5 கோடி டாலர் என்றார்கள். அந்தக் கல்லூரிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் நூறாண்டுக் கடன் தீராது. ஆனால் ஒடுக்கப்பட்ட ஒருவர் தட்டிலிருந்து எடுத்து இன்னோர் ஒடுக்கப்பட்டவர் தட்டில் போட்டுவிட்டு, இருவரையும் முறைத்துக்கொள்ள வைப்பது வள்ளல்தனம் அல்ல. பெரிய தட்டு வைத்திருப்பவர்களின் பக்கம் யார் பார்வையும் போகாமல் பார்த்துக்கொள்ளும் தந்திரம் அது.

இந்தக் கரிசனம் எவ்வளவு உண்மையானது என்பதற்கு நிறுத்தப்பட்ட ஏழு திட்டங்களின் பட்டியலே சாட்சி. குறைந்தது 40 விழுக்காடு கறுப்பின மாணவர்கள் படிக்கும், ஆனால் அந்த வரலாற்றுப் பட்டியலில் வராத கல்லூரிகளுக்கான மானியமும் அதில் இருக்கிறது. குறைந்தது 10 விழுக்காடு ஆசிய வம்சாவளி, பசிபிக் தீவு மாணவர்கள் படிக்கும் கல்லூரிகளுக்கான மானியமும் இருக்கிறது.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஹார்வர்ட் வழக்கு ஆசிய வம்சாவளி மாணவர்களின் பெயரைச் சொல்லித்தான் நடந்தது. இந்திய வம்சாவளியினர் எல்லோரும் அந்த வழக்கின் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தகுதி, திறமை என்று பேசி அதைக் கொண்டாடியவர்கள் நம்மிடையே உண்டு. சாதியைப் பாகுபாட்டின் வடிவமாகப் பெயர் சொல்லித் தடை செய்யும் மசோதா 2023இல் கலிபோர்னியாவில் நிறைவேறியபோது, சாதி என்ற சொல்லை எழுதுவதே எங்களைப் பாகுபடுத்துவது என்று இந்து அமைப்புகள் எதிர்த்தன. ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். பெயரைச் சொல்லாதே, எண்ணாதே, எழுதாதே என்ற அதே வாதம்தான். ஆசியர் பெயரைச் சொல்லி வென்ற அமைப்பு அடுத்துத் தொடுத்த வழக்கின் வாதம், ஆசிய மாணவர்களின் கல்லூரிகளுக்கான மானியத்தையும் விழுங்கியது. ஏணியை எட்டி உதைக்கத் துணைபோனவர்களின் பிள்ளைகளும் அதே ஏணியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்துக் கேள்விகள்

மானியத்தை ஆதரிப்பதால் அதில் குறையே இல்லை என்று சொல்லத் தேவையில்லை. சமூகநீதிக் கண்ணோட்டத்தில் எனக்கு மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது, சட்டம் தலையை எண்ணுகிறது, பலனை எண்ணுவதில்லை. 25 விழுக்காடு மாணவர்களைச் சேர்த்தால் தகுதி வந்துவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், ஆசிரியர்களில் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்பதெல்லாம் தகுதி நிபந்தனையில் இல்லை. சேர்ப்பது வேறு, அவர்களுக்கென்று பணியாற்றுவது வேறு என்று ஜினா ஆன் கார்சியா போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள்.

இரண்டாவது, வரிசையில் நிற்கும் கல்லூரிகள். 1990களின் நடுவில் 200க்கும் குறைவாக இருந்தவை இன்று 600ஐத் தாண்டிவிட்டன. வந்து சேர்ந்தவற்றில் அரிசோனா பல்கலைக்கழகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா, இர்வைன் வளாகங்கள் போன்ற பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களும் உண்டு. குறைவாகச் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பம் எழுதவே தனி அலுவலகம் வைத்திருக்கும் பல்கலைக்கழகமும், முதல்வரே இரவில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதும் எல்லையோர இரண்டாண்டுக் கல்லூரியும் ஒரே போட்டியில் நின்றால் யார் வெல்வார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

மூன்றாவது, ஹிஸ்பானிக் என்ற ஒரே சொல்லுக்குள் வெள்ளைத் தோல் கொண்டவரும் இருக்கிறார், ஆப்பிரிக்க வேர் கொண்டவரும் இருக்கிறார், மத்திய அமெரிக்காவின் பழங்குடி மொழி பேசுபவரும் இருக்கிறார். ஒட்டுமொத்த எண்ணுக்குள் யார் காணாமல் போகிறார் என்று பார்க்க வேண்டும். உள் ஒதுக்கீட்டுக்காக அருந்ததியர் மக்கள் போராடியதைக் கண்ட நமக்கு இந்தக் கேள்வி தானாகவே வர வேண்டும்.

இந்த மூன்று குறைகளுக்கும் மருந்து எண்ணுவதை நிறுத்துவது அல்ல, இன்னும் கூர்மையாக எண்ணுவது. பட்டம் பெற்றவர்களை எண்ணு, ஆசிரியர்களை எண்ணு, உட்பிரிவுகளை எண்ணு, ஏழைக் கல்லூரிக்கு முதலிடம் கொடு, மொத்த நிதியைக் கூட்டு. குறையைக் காட்டித் திட்டத்தை ஒழிக்க நினைப்பவருக்கும், குறையைக் காட்டித் திட்டத்தைத் திருத்த நினைப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் நம் நாட்டில் 1979–80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்தப் பணத்தை எல்லோருக்குமான பொதுத் திட்டங்களின் கணக்கில் எழுதிவிட்டுச் செலவாகிவிட்டது என்று காட்டுவதை எதிர்த்துத் தலித் அமைப்புகள் இன்றுவரை குரல் கொடுக்கின்றன. எண்ணிக்கையைச் சொல்லிப் பணத்தை வாங்கி, அந்த எண்ணிக்கைக்கு உரியவர்களுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளும் வித்தை இரண்டு நாடுகளுக்கும் பொது. அதற்காகத் திட்டத்தையே ஒழித்துவிடு என்று நாம் கேட்டதில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் கேட்டோம்.

2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவதாக அறிவித்தது. அந்த எண்கள் வெளிவரும் நாளில், சாதியை எண்ணுவதே சாதியை வளர்க்கும் என்ற குரல் இன்னும் உரக்க எழும். அதற்கு அமெரிக்கத் தீர்ப்புகளிலிருந்து மேற்கோளும் எடுத்துத் தருவார்கள். அப்போது நாம் எட்ஜ்வுட்டின் 26 டாலரையும், ஆலமோ ஹைட்ஸின் 333 டாலரையும், ஐந்நூற்றுத் தொண்ணூறில் மூன்றையும் எடுத்துவைக்க வேண்டும். பிரித்து வைத்தபோது எண்ணத் தெரிந்தவர்களுக்கு, பங்கு கொடுக்கும்போது மட்டும் எண் மறந்துவிடக் கூடாது.